மூன்றாம் ஓலை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருடைய ஃபோனுக்கு என்ன கேடு வந்தாலும் அது முதலில் என் கடைக்குத்தான் வரும். நான் ரிப்பேர்காரன் இல்லை. ரிங்லெட் ஊரிலிருந்து மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் அரிசி, மாவு, டாப்-அப் விற்றுப் பிழைக்கிற ஹரிதாஸ். ஆனால் டாப்-அப் விற்கிறவனுக்கு ஃபோனின் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அப்படித்தான் அற்புதம்மாள் அக்காவின் ஃபோனும் என் கைக்கு வந்தது. அது ஏன் வந்தது என்று சொல்ல, அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்ததும் இதே லயம்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நிறுத்தி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு மலை, கொழுந்து, கல்யாணம், மறுபடியும் கொழுந்து. எழுத்து அவர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அதை மறைக்கிற ஆளும் இல்லை அவர். கடைக்கு வந்தால் மாவுப் பையைத் தூக்கிக் காட்டி, "இது நாள் தாண்டிப்போச்சான்னு பாத்துச் சொல்லு தம்பி, அக்காவுக்குக் கண்ணு இருந்தும் குருடு" என்று சிரிப்பார்.

அவருக்கு வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது. கணவர் ஹரோல்ட் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். ஆபீஸ் போர்டில் ஒட்டுகிற அறிவிப்பிலிருந்து இருமல் மருந்துப் போத்தல் வரை எல்லாம் அவர் வாயால்தான் அக்காவுக்குத் தெரியும். ஹரோல்ட் மாரடைப்பில் போன பிறகு அந்த வேலையை மகள் வனஸ்ஸா எடுத்துக்கொண்டாள். வனஸ்ஸா படித்து ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வாசிக்க ஆள் இல்லாமல் போனாலும் குரல் வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஃபோனில் வாய்ஸ் அனுப்புவாள். பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபடியே அக்கா அதைச் சத்தமாகப் போடுவார். "மா, எந்திரிச்சிட்டியா? மஃப்ளர் போட்டியா? நேத்து வயிறு சரியில்லன்னியே, இப்ப எப்படி?" அக்காவின் வயிற்று நிலவரம் கங்காணிக்கும், வங்காளதேசத்துப் பையன்களுக்கும், எனக்கும் அன்றாடம் தெரிந்துவிடும்.

இந்த நிலையில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு தொண்டுக் குழு வந்தது. தலைவி உமாதேவி. ஆப் எழுதுகிறவன் தினேஸ்வரன், கண்ணாடி போட்ட, சிரித்த முகம் உள்ள பையன். இருவரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராமல் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிறிஸ்துவ சபைக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உமாதேவி பேசினார்.

"உங்களுக்கு என்ன குறைன்னு கேக்க நாங்க வரலைங்க. அத ஏற்கெனவே நெறைய பேர் கேட்டுட்டாங்க. நீங்க என்ன ஆகணும்னு ஆசப்படுறீங்க? அதச் சொல்லுங்க. அத வச்சுதான் நாங்க ஆப் செய்யப்போறோம்."

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதுவரை மலையேறி வந்தவர்கள் எல்லாரும் எங்களுக்குக் கை கழுவத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து கையே கழுவாத மாதிரி.

முனியாண்டி அண்ணன் எழுந்து, கக்கூஸ் கூரை ஒழுகுகிறது, அதை மாற்ற வேண்டும் என்றார்.

"அது தேவை அண்ணே. ஆசையச் சொல்லுங்க."

"ஒழுகாத கக்கூஸ்ல நிம்மதியா உக்காரணும்னு ஆச லா."

கூடமே சிரித்தது. உமாதேவியும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அற்புதம்மாள் எழுந்து நின்றிருந்தார்.

"எம் மகளுக்கு வருசக் கடைசியில கல்யாணம். மூணாவது ஓலைய நான் வாசிக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சபைக்காரர்களுக்கு அது புரிந்தது. கோயிலுக்குப் போகிற எனக்கும் இத்தனை வருடம் பக்கத்தில் இருந்ததால் புரிந்தது. கிறிஸ்துவர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையில் அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் பாஸ்டர் எப்போதாவதுதான் மலையேறி வருவார். அதனால் கடைசி ஓலையைப் பெண்ணின் அப்பாவே வாசித்துவிடுவது வழக்கமாயிற்று. இப்போது பாஸ்டர் வாராவாரம் காரில் வருகிறார். வழக்கம் மட்டும் போகவில்லை. மூன்றாம் ஓலை பெண் வீட்டு ஓலை. அப்பா இல்லையென்றால் அப்பா வழியில் யாராவது ஆண்பிள்ளை வாசிப்பார்.

ஹரோல்டின் அண்ணன் பெயர் டொமினிக்; லெம்பா பெர்த்தாம் என்கிற ஊரில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் ஏற்கெனவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாராக இருந்தார். "அவரு வாசிச்சா அது ஓலையா இருக்காது, போலீஸ் ரிப்போர்ட்டா இருக்கும்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் விளையாட்டுக்குள் இருந்த விஷயம் வேறு. ஹரோல்ட் போன பிறகு அந்தப் பிள்ளையை வளர்த்தவர் அக்கா. குளிரிலும் மழையிலும் மலையில் நின்று படிக்க வைத்தவர் அவர். அந்த ஒரு நாள் மட்டும், எழுந்து முன்னால் போய், ஹரோல்ட் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று, மகளின் பெயரைத் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். மனப்பாடமாகச் சொல்லக் கூடாது. பார்த்து வாசிக்க வேண்டும்.

உமாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே வந்தோம் என்று தினேஸ்வரனைப் பார்த்தார்.

ஆப்புக்கு 'ஏணி' என்று பெயர் வைத்தார்கள். முதல் படியில் படமும் எழுத்தும் வரும், ஃபோன் அதைச் சொல்லிக் காட்டும். பிறகு கேள்வி கேட்கும், சரியாகத் தொட்டால் நட்சத்திரம் விழும். மேலே போகப் போக முதலில் படம் போய்விடும். பிறகு குரலும் போய்விடும். கடைசிப் படியில் வெறும் எழுத்து மட்டும், முழுப் பக்கம். அக்காவோடு இன்னும் சில பெண்களும் சேர்ந்தார்கள். தினேஸ்வரன் சனிக்கிழமை தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

ஒரு சங்கடம். லயத்தில் வாய்ஸ் வருகிற அளவுக்குத்தான் லைன். ஆப் ஓட வேண்டுமென்றால் மலையுச்சியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் அக்கா தேத்தண்ணி நேரத்தில் அங்கே உட்கார்ந்துதான் படித்தார். பக்கத்தில் மணியம்மா உட்கார்ந்திருப்பார். மணியம்மா மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர், பக்கத்து வீட்டுக்காரி, ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அக்காவுக்காக உயிரையும் கொடுப்பார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தியின் மூட்டை எடைக்குக் குறைவாக இருந்தால், பக்கத்து நிரைக்காரி தன் மூட்டையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அதில் போட்டுவிடுவாள். கேட்டுப் போடுவதில்லை. போட்டதைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. போடுகிற கையைத் தட்டிவிட்டால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. காய்ச்சலோடு மலையேறிய பெண்கள், மாசமாக இருந்த பெண்கள், எல்லாரும் அந்த இரண்டு கை கொழுந்தால்தான் பிழைத்தார்கள்.

ஆப் கேள்வி கேட்கும். அக்கா விரலை நீட்டியபடி யோசிப்பார். அந்த யோசனையை மணியம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குறுக்கே ஒரு விரல் வரும். நட்சத்திரம் விழும்.

"ஏய், நானே போடுறேன்டி."

"யாரு போட்டா என்ன? நெறையிறது உன் மூட்டதானே?"

இதெல்லாம் பிறகு இரண்டு பேரும் என்னிடம் சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அற்புதம்மாள் படி படியாக ஏறிக்கொண்டிருக்கிறார் என்று தினேஸ்வரன் கடையில் காப்பி குடித்தபடி சொன்ன சந்தோஷம்தான்.

அவர் ஏறவில்லை. பாடம்தான் அவரை விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டது. அ, ம, மா, ப என்று சில எழுத்துகள் அவர் கைக்குள் வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதற்குள் படம் போயிற்று, பிறகு குரல் போயிற்று. ஒரு சனிக்கிழமை தைரியம் வரவழைத்துக்கொண்டு தினேஸ்வரனிடம் கேட்டாராம்.

"தம்பி, இத மறுபடி மொதல்லேருந்து வைக்க முடியுமா?"

"மொதல்லேருந்தா? எதுக்குக்கா? நீங்கதான் எங்க மொத ஆளு!" அவன் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். மற்ற பெண்களின் கோடுகள் எல்லாம் தரையில் ஊர்ந்தன. அக்காவின் கோடு மட்டும் மலை மாதிரி எழும்பி நின்றது. "பின்னாடி போற வழியே நாங்க வைக்கலக்கா. ஆசைன்னா முன்னாடி போறதுதானே?"

நான் பார்த்த ஏணியில் எல்லாம் ஏறுகிற படியில்தான் இறங்கவும் செய்வார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மணியம்மாவின் விரலைப் பற்றி அக்கா அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மணியம்மா திருடி என்று ஆகிவிடும். அந்தப் பையனின் முகமும் வாடிவிடும். துரையாக இருந்தாலும் டாக்டராக இருந்தாலும், மலையேறி வந்து "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்கிறவரிடம் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் மரியாதை. அக்காவும் அதைத்தான் சொன்னார்.

"சும்மாதான் கேட்டேன் தம்பி. நல்லா இருக்கு."

ஓலை வாரங்கள் வந்தன. முதல் ஞாயிறு பாஸ்டர் வாசித்தார், இரண்டாம் ஞாயிறும் அவரே வாசித்தார். அக்கா முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். எதைச் செய்யக் கூடாது என்று நினைத்தாரோ, அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறு சபைக் கூடம் நிறைந்துவிட்டது. வனஸ்ஸா ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். மாப்பிள்ளை ரயன், அவன் அம்மா டெபோரா, முறைத்த முகத்தோடு டொமினிக், உமாதேவி, கேமராவோடு தினேஸ்வரன், அவர்களுக்குப் பணம் தருகிற நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள். மணியம்மாவும் நானும் கடைசியில் கதவோரம் நின்றோம்.

பாஸ்டர் கூப்பிட்டார். அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில் எழுந்து போய்த் தாளை வாங்கினார். விரலை முதல் வரியில் வைத்தார்.

"காலஞ்சென்ற ஹரோல்ட், அற்புதம்மாள், இவர்களோட மகள் வனஸ்ஸாவுக்கும்..."

ஹரோல்டின் பெயரைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இடறியது. மற்றபடி தெளிவாக வந்தது. விரல் வரியோடு நகர்ந்தது. வனஸ்ஸா ஃபோனைப் பிடித்தபடி அழுதாள். பக்கத்தில் மணியம்மாவின் விரல் மட்டும் சேலைத் தலைப்புக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அது ஏன் துடிக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் பெயர் வந்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்பதும் வந்து முடிந்தது. டெபோராவின் முகம் சுருங்கியது. முதல் இரண்டு ஓலையிலும் தன் பெயர் இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதால், பாஸ்டர் மூன்றாம் ஓலையில் அதைச் சேர்த்து எழுதியிருந்தார். அக்காவுக்கு அது தெரியாது.

பாஸ்டர் குனிந்து மெல்லச் சொன்னார். "சம்பந்தியம்மா பேரு விட்டுப்போச்சும்மா. ரெண்டாவது வரியில இருக்கு பாருங்க."

அக்கா தாளைப் பார்த்தார். விரல் இரண்டாவது வரிக்குப் போனது, அங்கே நின்றது, மூன்றாவதுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. எந்தச் சொல் அந்தப் பெயர்? நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு தனியாக ஒரு மனுஷி நின்று நான் பார்த்ததில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரல பாஸ்டர்" என்றார்.

"அதனால என்னம்மா, டெபோரான்னு இருக்கு."

"டெபோரா" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். டெபோராவும் சிரித்துவிட்டார். விருந்தாளிகள் எழுந்து நின்று தட்டினார்கள். உமாதேவி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார், அது பொய் அழுகை இல்லை. கண்ணாடி சமாச்சாரத்தை வெட்டிவிட்டு அவர்கள் செய்த வீடியோ தோட்டம் முழுக்கச் சுற்றியது. அடுத்த மாதம் குழு கோலா தெர்லா பக்கம் போய்விட்டது. இங்கே வேலை முடிந்துவிட்டதாம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மணியம்மாவுக்கு வேலைக்கான வயது முடிந்தது. வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிள்ளானில் இருக்கும் மகனிடம் போனார். போகும் முன் என் கடையில் உட்கார்ந்து, விரல் கதையை அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். "நான் நல்லதுன்னுதான் நெனச்சேன் ஹரி." அவர் போட்ட கொழுந்தால் பிழைத்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

ஒரு மத்தியானம், மூடுபனி கடை வாசல் வரை வந்து நின்ற நேரம், அற்புதம்மாள் அக்கா வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஃபோனை நீட்டினார்.

"தம்பி, இது கெட்டுப்போச்சா பாரு. வனஸ்ஸா குரலே வரமாட்டேங்குது. கூப்பிட்டா லைனு அறுந்து அறுந்து போவுது."

வாங்கிப் பார்த்தேன். ஃபோனில் ஒரு கேடும் இல்லை. வனஸ்ஸா அனுப்பியது எல்லாம் வரிசையாக இருந்தது. எல்லாம் எழுத்தாக இருந்தது.

"மெசேஜ் போட்டிருக்காக்கா. தமிழ்லயே எழுதியிருக்கா."

"தெரியும்." அக்கா கவுண்டரில் சாய்ந்து, ஒரு வரியின் தொடக்கத்தில் விரல் வைத்தார். "இது 'மா'. இது எனக்கு வரும். என்னயக் கூப்பிடுறான்னு தெரியுது. அதுக்கு அப்புறம் என்ன சொல்றான்னுதான் தெரியல."

இரண்டு வாரத்துக்கு முன் வந்த முதல் மெசேஜை வாசித்தேன். "மா, இனிமே வாய்ஸ் போடமாட்டேன். உனக்கு எழுதுறதுல அவ்வளவு சந்தோஷமா இருக்கு. கிளினிக்ல எல்லாருக்கும் உன் வீடியோவக் காட்டிட்டேன். எங்கம்மா படிக்கிறாங்கன்னு சொன்னேன்."

அக்கா தலையாட்டினார். கீழே போகச் சொன்னார். மழை, சமையல், ரயனின் சளி. பிறகு இரண்டு நாளைக்கு முன் வந்த ஒன்று. கண்ணில் பட்டதும் வாசிப்பதை நிறுத்தினேன்.

"என்ன தம்பி?"

"மா, நான் மாசமா இருக்கேன். இன்னும் யாருக்கும் சொல்லல. அத்தைக்குக்கூடச் சொல்லல. முதல்ல உனக்குத்தான்."

அதற்குக் கீழே நேற்று வந்தது. "ஏன் மா பதில் போடல? உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, என் கரகரத்த குரலில், ஒரு பெண் தன் அம்மாவிடம் மட்டும் சொல்ல நினைத்ததை வாசித்துவிட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

நான் சொன்னேன். "வாய்ஸ் போடுங்கக்கா. உங்க குரல்லயே சொல்லுங்க. எழுத்து இன்னும் சரியா வரலன்னும் சொல்லிடுங்க. அவ உங்க மக, என்ன நெனச்சுக்கப் போறா?"

"மொதல்ல உனக்குத்தான்னு எழுதியிருக்கா தம்பி. மொதல்ல கேட்டது கடைக்காரன்னு எப்படிச் சொல்லுவேன்? கிளினிக்ல எல்லாருக்கும் காட்டிட்டா. மாமியா வீட்டுல காட்டிட்டா. வயித்துல புள்ளயோட இருக்கறவகிட்ட, உங்கம்மா பொய்யின்னு சொல்லச் சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன். அந்தப் பையன் மேல் வரவில்லை, உமாதேவி மேலும் வரவில்லை, மணியம்மா மேல் எப்படி வரும்? கேட்டவர்கள் ஆசையோடு கேட்டார்கள், கொடுத்தவர்கள் ஆசையோடு கொடுத்தார்கள். இந்த மனுஷியின் காதில் இருந்த ஒரே குரலும் போய்விட்டது. இதை எந்த ஆபீஸில் போய்ப் புகார் கொடுப்பது?

"நீ எழுது தம்பி. நான் சொல்றேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். என் விரலை நீட்டினேன். அவர் மெதுவாகச் சொன்னார், நான் எழுத்தெழுத்தாகத் தட்டினேன். "வனஸ்ஸா, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பாரம் தூக்காத. மஃப்ளர் போட்டுக்க."

பனிக்குள்ளிருந்து எப்படியோ கொஞ்சம் லைன் வந்து மெசேஜ் போனது. பதில் உடனே வந்தது. அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, முதல் எழுத்தை விரலால் தொட்டார்.

"மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மா! நீயேவா எழுதுன? ஒரு தப்புகூட இல்ல மா!"

அதையும் நான்தான் வாசித்தேன்.